பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் மகளுக்கு என்ன விடை சொல்வது?

மூத்தவளும் இளையவனும் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஆறு வயது முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மகனுக்கு நான்கு வயது. பணத்தைப் பற்றி அவர்களிடம் எப்போது பேசத் தொடங்குவது என்று நானும் கணவரும் பலமுறை பேசியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இன்னும் வயது இருக்கிறது என்று தள்ளிப்போட்டுவிட்டோம். ஆனால் கடந்த ஒரு மாதத்தில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளுக்குப் பிறகு இதற்கு மேலும் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

முதலாவது, கடையில் நடந்தது. மகள் ஒரு பொம்மையைக் கேட்டாள். இப்போது பணம் இல்லை என்று சொன்னேன். அவள் அடம்பிடிக்கவில்லை, நான் எதையோ மறந்துவிட்டதுபோல என் கையைத் தொட்டு, "போனைக் காட்டினால் போதுமே, அம்மா" என்று நினைவூட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால் நான் பொறுமையிழந்து, "பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?" என்று கேட்டுவிட்டேன். "அப்படியானால் எங்கிருந்து வருகிறது?" என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். அப்பா வேலைக்குப் போவதால் வருகிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "நீயும்தான் நாள் முழுவதும் வேலை செய்கிறாய். உனக்கு யார் தருகிறார்கள்?" என்றாள். நான் வெளி வேலைக்குச் செல்வதில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

இரண்டாவது, நாங்களே இழுத்துவிட்டுக்கொண்டது. விளையாடிய பொருள்களை எடுத்து வைத்தால் ஒரு நாணயம், தன் துணிகளைத் தானே மடித்தால் ஒரு நாணயம் என்று மகளுக்குக் கொடுக்கத் தொடங்கினோம். உழைப்பின் அருமை தெரியும் என்று நினைத்தோம். முதல் இரண்டு வாரங்கள் வீடு பளிச்சென்று இருந்தது. பிறகு ஒருநாள் என் மாமியார் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரும்படி கேட்டபோது, "எத்தனை காசு தருவீர்கள், பாட்டி?" என்று கேட்டாள். மாமியார் எதுவும் சொல்லவில்லை. தாமே எழுந்து சென்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது நிகழ்ச்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. மகனிடம் மதிப்புக் கூடிய நாணயம் ஒன்று இருந்தது. மகள் தன்னிடமிருந்த ஐந்து சிறிய நாணயங்களைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டாள். ஐந்தையும் கூட்டினாலும் அந்த ஒன்றின் பாதி மதிப்புத்தான் வரும். மகனோ தனக்கு ஐந்து கிடைத்தது என்று வீடு முழுவதும் காட்டிக்கொண்டு ஓடினான். இதைத் தந்திரம் என்று கண்டிப்பதா, கணக்குத் தெரிந்திருக்கிறது என்று விட்டுவிடுவதா?

ஏழு வயதுக்குள் பணம் பற்றிய பழக்கங்கள் உறுதியாகிவிடும் என்று பல இடங்களில் படித்தேன். மகளுக்கு ஏழு வயதாக இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. காலம் கடந்துவிட்டதோ என்ற கவலை என்னை உறங்கவிடவில்லை. வளர்த்தவர்களும் வளர்ப்பவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதல் வகுப்பு ஆசிரியை

வணக்கம். நான் 17 ஆண்டுகளாக ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். உங்களை உறங்கவிடாத கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏழு வயது என்ற அந்தச் செய்தி, 2013-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் பிரிட்டனில் எழுதிய ஓர் அறிக்கையிலிருந்து பரவியது. அவர்கள் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்களே தவிர, குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஏழு வயதில் இருந்தபடியே பெரியவர்களானபோதும் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கவில்லை. முன்கூட்டித் திட்டமிடுவது, காத்திருப்பது, எடுத்த செயலில் மனத்தை நிறுத்துவது போன்ற திறன்களுக்கு அந்த வயதுக்குள் அடித்தளம் அமைகிறது என்பதுதான் அதன் சாரம். ஏழாவது பிறந்தநாளில் எந்தக் கதவும் அடைபடுவதில்லை.

இனி நாணய மாற்றத்துக்கு வருகிறேன். உங்கள் மகனுடைய கண்ணில் அவன் ஏமாறவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே செய்துகாட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே எண்ணிக்கையுள்ள வில்லைகளை இரண்டு வரிசைகளாக வைத்து, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையின் இடைவெளியை மட்டும் அகலமாக்கினால், நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் பலர் நீண்ட வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்பார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதே அதிகம் என்று கொள்ளும் வயது அது. அந்த வயதில் இருப்பவனிடம், இந்த ஒரு நாணயத்துக்குள் பத்து நாணயங்கள் அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் அவன் எங்கே போய்த் தேடுவான்? மதிப்பு என்பது உலோகத்தில் இல்லை. மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்ட வழக்கத்தில் இருக்கிறது. அளவில் சிறிய நாணயம், பெரிய நாணயத்தைவிட மதிப்பில் கூடியதாகவும் இருக்கும். ஆறு வயதுக் குழந்தைகளே இதில் தடுமாறுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

வகுப்பில் நான் செய்வது இது. ஓர் அட்டையில் பத்துக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறிய நாணயத்தை வைக்கச் சொல்வேன். பத்துக் கட்டங்களும் நிறைந்த பிறகே அட்டையை என்னிடம் கொடுத்து ஒரு பெரிய நாணயம் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று குறைந்தாலும் மாற்ற முடியாது. அடுத்த நாள் அதைத் திருப்பிச் செய்வோம். பெரிய நாணயத்தைக் கொடுத்துப் பத்துச் சிறியவற்றை வாங்கிக் கட்டங்களில் நிரப்புவோம். பலநாள் கையால் அடுக்கிய பிறகு ஒரு காலைப்பொழுதில் குழந்தையின் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அதை அவசரப்படுத்த இயலாது.

மகளைப் பொறுத்தவரை, கண்டிப்பதற்கு முன் தனியே அழைத்து, "உனக்குத் தெரிந்த கணக்கு தம்பிக்குத் தெரியும் என்று நினைத்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்று அறிந்தே மாற்றியிருந்தால் அவளே தலை குனிவாள். அறியாமல் செய்திருந்தால் வியப்படைவாள். இரண்டு நிலையிலும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தெரியாதவரோடு ஒன்றை மாற்றிக்கொள்ளும் முன், தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும். பிறகு பத்துக் கட்ட அட்டையைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள்.

"போனைக் காட்டினால் போதும்" என்பதும் கண்ணால் கண்டதை வைத்து அவள் செய்துகொண்ட முடிவுதான். எங்கள் வகுப்பில் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சுவரில் இருக்கும் இயந்திரத்திலிருந்து என்று சிலர் சொல்வார்கள். கடைக்காரரிடமிருந்து என்று வேறு சிலர் சொல்வார்கள், ஏனெனில் அவர் மீதிச் சில்லறை தருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் குழாயையும் தொட்டியையும் உவமையாகச் சொல்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. ஆனால் தண்ணீர் குழாயில் இல்லை, மேலே இருக்கும் தொட்டியில் இருக்கிறது. யாரோ நிரப்பியதால்தான் இருக்கிறது. கைப்பேசி வெறும் குழாய். இதைச் சொன்னதோடு நிறுத்தாமல் கையாலும் செய்து காட்டுங்கள். வாரத் தொடக்கத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் முப்பது கூழாங்கற்களைப் போடுங்கள்; அவை அந்த வாரத்து வீட்டுச் செலவுக்கான பணம். நீங்கள் கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டு வரும் ஒவ்வொரு முறையும், தொகைக்கு ஏற்ப ஒன்றோ மூன்றோ கற்களை அவள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை புட்டியின் அடி தெரியும்போது நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மூன்று பிள்ளைகளின் தந்தை

சகோதரி, உங்கள் இரண்டாவது நிகழ்ச்சி எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. ஆகவே அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான், எங்கே தவறினேன் என்பது எனக்கு விளங்கியது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து யாரும் கேட்காமல் தாமாக வரைகிறார்களா என்று கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழ பாதியையே வரைவதில் செலவிட்டார்கள். விருப்பத்தோடு செய்துவந்த ஒன்று, கூலிக்குச் செய்யும் ஒன்றாக மாறிவிட்டது.

கண்ணாடி எடுத்துக் கொடுப்பது உங்கள் மகளுக்கு அதற்கு முன்பு பாட்டியின்மேல் உள்ள அன்பாக இருந்தது. நாணயம் நுழைந்ததும் அது விலையுள்ள வேலையாகிவிட்டது. அவள் பேராசைக்காரியாகிவிடவில்லை, நீங்கள் கற்றுக்கொடுத்த விதியை நேர்மையாக எல்லா இடத்திலும் பின்பற்றினாள், அவ்வளவுதான்.

நாங்கள் இதிலிருந்து வெளியே வந்த வழியைச் சொல்கிறேன். ஒரே இரவில் நிறுத்தினால் குழந்தை அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே மூவரையும் உட்காரவைத்து, "இந்த ஏற்பாட்டை அப்பா தவறாகத் தொடங்கிவிட்டேன், மாற்றப்போகிறேன்" என்று வெளிப்படையாகச் சொன்னேன். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், வயதுக்கு ஏற்ற சிறிய தொகை ஒவ்வொருவருக்கும் கிடைக்கிறது. வேலை செய்தாலும் கிடைக்கும், செய்யாவிட்டாலும் கிடைக்கும்; கோபத்தில் பிடித்தம் செய்வதில்லை. வீட்டு வேலைகள் வேறு கணக்கு. இந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதால் நீயும் செய்கிறாய் என்பதற்கு மேல் காரணம் இல்லை. செய்யாவிட்டால் அதற்குரிய விளைவு உண்டு: மடிக்காத துணி கசங்கியே இருக்கும், எடுத்து வைக்காத பொம்மை மறுநாள் கிடைக்காது.

அந்தத் தொகையை எப்படிச் செலவிட வேண்டும் என்றும் நாங்கள் சொல்வதில்லை. என் இரண்டாவது மகன் ஐந்து வாரப் பணத்தைச் சேர்த்து ஒரு விளையாட்டுக் கார் வாங்கினான். அன்று மாலையே சக்கரம் கழன்றுவிட்டது. அழுதான். புதிதாக ஒன்று வாங்கித் தர என் கை துடித்தது உண்மை. ஆனால் தோளைத் தடவிக்கொடுத்தேனே தவிர வாங்கித் தரவில்லை. அடுத்த முறை கடையில் அவன் பொம்மையைத் திருப்பிப் பிடித்து, சக்கரத்தை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தான். ஐந்து வாரச் சேமிப்பு போனது பெரிய இழப்புதான். ஆனால் இருபத்தைந்து வயதில் ஒரு வாகனக் கடனில் கற்றுக்கொள்வதைவிட அது மிகச் சிறியது.

மூத்தவளும் இளையவனும்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மகளிடம் தனியே பேசினேன். "தம்பிக்குத் தெரியாது என்று தெரியும்" என்று மெல்லிய குரலில் சொன்னாள். பிறகு அவளாகவே அந்த நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பியோ தன் ஐந்தையும் தர மறுத்து அழுதான் என்பது வேறு கதை.

ஒன்றை நான் முதலில் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. மகளின் உண்டியலிலிருந்து நானே இரண்டு முறை பணம் எடுத்திருக்கிறேன். வாசலில் யாருக்கோ உடனே சில்லறை கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு வைத்துவிடலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். அவள் உண்டியலை அடிக்கடி குலுக்கிப் பார்ப்பாள். அண்மைக்காலமாக, கிடைக்கும் காசை உண்டியலில் போடாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ?

பேரப்பிள்ளைகள் ஐவர்

அம்மா, தொடர்பு இருக்கிறது. உண்டியலின் எடை அவள் கைக்குத் தெரியும். குறைந்ததை அவள் அறிந்திருப்பாள். உன்னிடம் கேட்கத் தயங்கியிருப்பாள். இதை உடனே சரிசெய்.

குழந்தைகளுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். இப்போது ஓர் இனிப்பு, காத்திருந்தால் இரண்டு என்று குழந்தைகளைச் சோதித்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வைப் பலரும் அறிவார்கள். அதைவிட என் மனத்தில் நின்றது 2013-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒன்று. அவர்கள் இனிப்பைக் கொடுப்பதற்கு முன்பே, மூன்று முதல் ஐந்து வயதுடைய 28 குழந்தைகளிடம், படம் வரைய நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருகிறேன், காத்திரு என்று ஒரு பெரியவரைச் சொல்லவைத்தார்கள். பாதிப் பேருக்கு அவர் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார். இதற்குப் பிறகு அதே இனிப்புச் சோதனையை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்களே காத்திருந்தார்கள். இரண்டு குழுவிலும் இருந்தவை ஒரே மாதிரியான குழந்தைகள்தாம். காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்ப முடியாத இடத்தில், கையில் இருப்பதை உடனே எடுத்துக்கொள்வதுதானே அறிவு? உன் மகள் தலையணைக்கு அடியில் வைத்திருப்பதும் அந்த அறிவினால்தான்.

ஆகவே எடுத்த தொகையை எண்ணி, அவள் முன்னால், அவள் கையில் கொடு. "இது உன்னுடையது. கேட்காமல் எடுத்தது தவறு" என்று சொல். உறவினர் அன்பளிப்பாகக் கொடுக்கும் பணத்துக்கும் இதே விதிதான். "அம்மா பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று வாங்கி வீட்டுச் செலவில் கரைத்துவிடும் வழக்கம் என்னிடமும் இருந்தது. என் மூத்த மகன் நாற்பது வயதிலும் அதைச் சொல்லிக்காட்டுகிறான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்கு வலிக்கிறது. எடுக்க நேர்ந்தால் ஒரு சிறிய குறிப்பேட்டில் தேதியும் தொகையும் எழுதி, அவளிடம் காட்டி, சொன்ன நாளில் திருப்பிக் கொடு. கடன் என்றால் என்ன என்பதை அவள் அதிலேயே தெரிந்துகொள்வாள்.

மேலே எழுதிய தம்பியோடு ஓர் இடத்தில் நான் வேறுபடுகிறேன். எல்லாவற்றையும் செலவழிக்க விட்டுவிடுவது ஆறு வயதுக்குச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. கொடுக்கும்போதே இரண்டு பாத்திரங்களில் பிரித்து வைக்கும் பழக்கத்தை நான் பேரப்பிள்ளைகளிடம் ஏற்படுத்தினேன்: இப்போதைக்கு ஒன்று, பிறகு வாங்கப்போகும் பொருளுக்கு ஒன்று. இரண்டாவதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். வெறுமனே சேமி என்றால் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. பந்துக்காகச் சேமி என்றால் விளங்கும். வேண்டிய பொருளின் படத்தைப் பாத்திரத்தில் ஒட்டிவிடு. மூன்று, நான்கு வாரங்களில் எட்டக்கூடிய பொருளாக இருக்கட்டும். ஓராண்டு என்பது அந்த வயதுக்கு முடிவே இல்லாத காலம்.

இனி அவள் உன்னைக் கேட்ட அந்தக் கேள்வி. அதற்கு விடை இல்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்து நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலக நாடுகள் தம் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது, வீட்டில் ஒருத்தி சம்பளமின்றிச் சமைப்பதையும் துவைப்பதையும் பிள்ளை வளர்ப்பதையும் அதில் சேர்ப்பதில்லை. அதே வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் சேர்க்கிறார்கள். பெரிய கணக்குகளில் விடுபட்ட இடத்தை உன் மகள் சரியாகப் பார்த்திருக்கிறாள். அவளிடம் இப்படிச் சொல்: "சில வேலைகளுக்குப் பணம் வரும். சில வேலைகளுக்கு வராது. ஆனால் அவை நடக்காவிட்டால் பணம் வரும் வேலைக்கும் யாரும் போக முடியாது. அப்பா கொண்டுவரும் பணம் நம் இருவரின் வேலையாலும் வருகிறது." இதை உன் கணவரும் அவள் கேட்கும்படி சொல்ல வேண்டும். நீ மட்டும் சொன்னால் போதாது.

கடன் இருந்த வீட்டில் வளர்ந்தவன்

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி. ஆனால் கூழாங்கற்கள் பற்றிய யோசனையைப் படித்ததும், எழுதாமல் இருக்க முடியவில்லை. அது நல்ல யோசனைதான். எல்லா வீட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஏற்றதல்ல என்பதே என் கருத்து.

நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் பணத்தைப் பற்றி எப்போதும் பேச்சு நடந்தது. வட்டி, தவணை, யார் வந்து கேட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அதனால் நான் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளவில்லை, பயத்தைத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளியில் எழுதுகோல் தொலைந்ததைச் சொல்லாமல், ஒரு வாரம் அடுத்த மாணவனிடம் கடன் வாங்கி எழுதினேன். இன்று போதுமான வருமானம் இருந்தும், எனக்கென்று ஒன்று வாங்கும்போது கை நடுங்குகிறது. புட்டியின் அடி தெரியும் வியாழக்கிழமை, அந்தக் குழந்தை நாளை நமக்குச் சாப்பாடு உண்டா என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சம் கற்களை வேறொரு மூடிய புட்டியில் வைத்து, இது எப்போதும் இருக்கும், இதை நாம் தொடுவதில்லை என்று காட்டுங்கள்.

பணம் இல்லை என்ற சொல்லையும் அளந்து பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மையில் இல்லாதபோது அப்படிச் சொல்லலாம். இருக்கும்போது சொன்னால், பத்து நிமிடம் கழித்து வேறொன்றுக்கு நீங்கள் பணம் கொடுப்பதைக் குழந்தை பார்க்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு அதனிடம் மதிப்பு இருக்காது. "இதற்கென்று நாம் பணம் ஒதுக்கவில்லை" என்பது நேர்மையானது. அது குழந்தையைப் பயமுறுத்துவதும் இல்லை.

இன்னொன்று. நம் மொழியில் வேண்டும் என்ற ஒரே சொல்லைத் தேவைக்கும் ஆசைக்கும் சொல்கிறோம். தண்ணீர் வேண்டும் என்பதும் பொம்மை வேண்டும் என்பதும் குழந்தையின் வாயில் ஒன்றுபோலவே வருகின்றன. அப்போது, "இது தேவையா, ஆசையா?" என்று திருப்பிக் கேட்கும் வழக்கத்தை என் மகளிடம் ஏற்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஆசை என்று அவள் சொன்னால், அதற்காக முகம் சுளிப்பதில்லை. ஆசைக்கும் இடம் உண்டு. அதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் வேறுபாடு. என் வீட்டில் ஆசை என்பதே குற்றமாக இருந்தது.

முதல் வகுப்பு ஆசிரியை

மூடிய புட்டி பற்றி எழுதியவருக்கு நன்றி. நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. இனி பெற்றோரிடம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்வேன். கேள்வி கேட்டவருக்கு ஒரே ஒரு சொல்: கடையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று நீங்கள் மனத்துக்குள் செய்யும் கணக்கை, மகள் அருகில் இருக்கும்போது வாய்விட்டுச் செய்யுங்கள். "இது மலிவு, ஆனால் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும், அது விலை கூடியது, ஆனால் ஓராண்டு வரும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னால் போதும். கைப்பேசியைக் காட்டிவிட்டு வெளியேறுவதை மட்டுமே பார்க்கும் குழந்தைக்கு, அதற்கு முன் உங்கள் தலைக்குள் நடந்தது தெரிய வேறு வழியே இல்லை.

மூத்தவளும் இளையவனும்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்டியல் பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கி வைத்துக்கொண்டு, "இனிமேல் கேட்டுவிட்டு எடுப்பாயா?" என்று கேட்டாள். கேட்பேன் என்றேன். எத்தனை எடுத்தேன் என்பது அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. தலையணைக்கு அடியில் இருந்த நாணயங்கள் உண்டியலுக்குத் திரும்ப இன்னும் இரண்டு வாரங்கள் ஆயின.

வேலைக்குக் காசு கொடுப்பதை நிறுத்தி, வாரத் தொகைக்கு மாறினோம். முதல் வாரம் முழுவதும் பொம்மைகள் தரையிலேயே கிடந்தன. மாமியாரின் கண்ணாடியையும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு மாலையில், கேட்காமலே கண்ணாடியை எடுத்துச் சென்று பாட்டியின் மடியில் வைத்துவிட்டு வந்தாள். மாமியார் என்னைப் பார்த்தார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பாத்திரங்களா, ஒன்றா என்பதில் கணவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போதைக்கு மகளே இரண்டு கேட்டதால் இரண்டு வைத்திருக்கிறோம். மூடிய புட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கணவர் அவளிடம் அந்த விடையைச் சொன்னபோது நான் அடுத்த அறையில் இருந்தேன்; அவர் குரல் எனக்குக் கேட்டது.

குறிப்பேட்டில் நான் இதுவரை ஒருமுறை கடன் வாங்கி, சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நேற்று அதே பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, மகளின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: தம்பி, இரண்டு. அவனுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது என்பதால், அதன் பக்கத்தில் அவனையே இரண்டு வட்டங்கள் வரையச் சொல்லியிருக்கிறாள்.